எந்தச் சாவுக்கு எந்த வார்த்தை

"செத்துட்டாருன்னு எல்லாம் போஸ்டர் அடிக்க முடியாதும்மா. இன்னா சாவுன்னு சொல்லு, அதுக்கேத்த வார்த்தையப் போடறேன்" என்றார் கலியபெருமாள்.

செஞ்சிக் கடைத்தெருவில் அவருடைய அச்சகம். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. அந்தத் திமிரும் அவருக்கு உண்டு. வந்தவர்களுக்குப் பாடம் நடத்தாமல் அனுப்ப மாட்டார், சாவு வீட்டுக்காரர்களாக இருந்தாலும் சரி.

எதிரே நின்ற பெண்ணின் அப்பா அன்று விடியற்காலையில்தான் தளவானூரில் இறந்திருந்தார். சாயங்காலம் எடுப்பதற்குள் ஊரெங்கும் போஸ்டர் ஒட்ட வேண்டும் என்றாள். 'மறைந்தார்' என்று போட்டால் போதாதா என்றும் கேட்டாள்.

"மறைஞ்சாருன்னா எங்க, கதவுக்குப் பின்னாலயா?" என்று கலியபெருமாள் இளித்தார்.

பிறகு ஆரம்பித்தது பாடம். கட்சிக்காரர் என்றால் இயற்கை எய்தினார். பட்டை போட்டவர் என்றால் சிவலோக பதவி, நாமம் போட்டவர் என்றால் வைகுண்ட பதவி. எல்லாம் ஒன்றுதானே என்பவன் மண்ணும் மாவும் ஒன்று என்பவன். பட்டம் வாங்கியவனுக்கே இது தெரிவதில்லை, உனக்கெங்கே தெரியப்போகிறது என்றார். அறுபது தாண்டியவர், மாரடைப்பு என்று அவள் சொன்னதும், 'காலமானார்' என்று தீர்ப்புச் சொல்லி எழுத்துக் கோக்க உட்கார்ந்தார்.

அடியில் போட மகன் பெயரைக் கேட்டார். மகன் இல்லை, 'மகள் மங்கை' என்று பெரிய எழுத்தில் போடுங்கள் என்றாள். பெண்பிள்ளை பெயரைத் தனியாகப் போடும் வழக்கமில்லை, பங்காளிகள் பெயரைச் சொல் என்றார். அவள் மசியவில்லை. தன் பெயர் இல்லையென்றால் போஸ்டரே வேண்டாம் என்றாள்.

கலியபெருமாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பன் பிணம் வீட்டில் கிடக்க, பேருக்கு அலைகிற பெண்ணை அவர் பார்த்ததே இல்லை.

"அப்படி இன்னாம்மா உன் பேரு ஊருக்குத் தெரிஞ்சாவணும்?"

"நான் உசுரோட இருக்கறது தெரியணுமில்லீங்க" என்றாள் மங்கை. "வேற சாதியில கட்டிக்கிட்டேன்னு போன வருசம் எங்க நைனா வந்து கேட்டப்ப, 'மங்கை அகால மரணம்'னு அடிச்சு, ஊரெல்லாம் ஒட்டக் குடுத்தது நீங்கதானே?"