பிளாட்பாரத்து பெஞ்சு

பீச்சிலிருந்து வரும் மீட்டர்கேஜ் மின்சார வண்டி தாம்பரத்தில் நின்றால் போதும், மொத்தக் கூட்டமும் பிய்த்துக்கொண்டு வீட்டுக்கு ஓடும். அசரியா மட்டும் பிளாட்பாரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். நன்றாக இருட்டின பிறகுதான் வீடு.

பக்கத்து வீட்டு யக்ஞநாராயணனுக்கு இது பொறுக்கவில்லை. அதே வண்டி, அதே நெரிசல், தான் நேரே வீட்டுக்கு வரவில்லையா? கல்யாணமான மனுஷனுக்கு ஸ்டேஷனில் என்ன வேலை? ஒருநாள் வருகிற வழியிலேயே அசரியா வீட்டு வாசலில் நின்று, அவர் மனைவி தபீதாளிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார். அப்படியொரு பரோபகாரி.

தபீதாளுக்கு முகம் செத்துப்போயிற்று. பல்லாவரத்தில் கரண்ட் போயிற்று, சைதாப்பேட்டையில் சிக்னல் விழவில்லை என்று தினம் ஒரு காரணம் சொல்கிற மனுஷன். அத்தனையும் பொய்யா? விறுவிறுவென்று ஸ்டேஷனுக்கு நடந்தாள். யக்ஞநாராயணன் விடுவாரா? அவரும் பின்னாலேயே போனார்.

அசரியா பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கூட்டத்தில் சட்டைப் பொத்தான் ஒன்று பிய்ந்திருந்தது.

“உங்க வண்டி நேரத்துக்கு வரணும்னு நான் தினம் ஜெபம் பண்றேன். நீங்க யாருக்காகங்க இங்க காத்துக்கிட்டிருக்கீங்க?” என்றாள்.

அசரியா திடுக்கிட்டு எழுந்தார்.

“யாருக்காகவும் இல்ல தபீதா. ஆபீஸ்ல திட்டு, வண்டியில மிதி. அந்தச் சூட்டோட வந்தா உன் மேலயும் பிள்ளைங்க மேலயும்தான் எரிஞ்சு விழுவேன். இங்க கொஞ்ச நேரம் உட்கார்ந்தா அடங்கிடுது. சொன்னா நீ சிரிப்பியோன்னுதான் சொல்லல.”

தபீதாள் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

யக்ஞநாராயணன் தலையில் அடித்துக்கொண்டு வீடு திரும்பினார். கேட் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கொல்லைப்பக்கம் பறந்துவிட்டார்கள். செருப்பை ஒரு மூலைக்கு உதறினார். ரேடியோவை இவ்வளவு சத்தமாக வைத்தது யார் என்று கத்தினார். காபி ஆறிப்போயிருக்கிறது என்று டம்ளரை நங்கென்று வைத்தார். இதெல்லாம் அந்த வீட்டில் தினப்படி. பிறகுதான் அசரியாவின் பைத்தியக்காரத்தனத்தை ஒன்று விடாமல் மனைவி சாவித்ரியிடம் சொல்லிச் சிரித்தார்.

சாவித்ரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். காபியைச் சுடவைத்துக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

“ஏன்னா, அந்த பெஞ்சில இன்னொருத்தர் உட்கார இடமிருக்குமோ?”