பைனாவின் கோப்பை

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும், ஓடிப்போன துரையின் நிலத்தை அடிமைகளாயிருந்த எங்களுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். கரோலினாத் தீவில் என் பங்கிலேயே மனைவி பைனாவைப் புதைத்தேன். அவள் கடைசியாகக் குடித்த கோப்பையை உடைத்துக் குழிமேல் வைத்தேன். உடைத்தால்தான் உறவு அறும்; இல்லாவிட்டால் இறந்தவர் நம்மை விடமாட்டார்.

பிறகு அரசு துரையை மன்னித்து நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது. அவர் குழியையும் சேர்த்து உழுது பருத்தி போட்டார்.

"துரைகிட்டக் கூலிக்குக் கையெழுத்துப் போடணும், இல்ல தீவை விட்டுப் படகு ஏறணும் மச்சான்," என்றான் பைனாவின் தம்பி பாம்ப்பி. "நாம எழுத்துப் படிச்சது இதுக்குத்தான் போல."

"அவளையே உழுதுட்டான். படகுதான்," என்றேன்.

உடைந்த சில்லையாவது எடுத்துக்கொள்ள வயலுக்குப் போனேன். மதியங்களில் அவள் தண்ணீர் கொண்டுவரும் வரப்பில் அந்தக் கோப்பை இருந்தது. விரிசல் இல்லை. நிறையத் தண்ணீர், சில்லென்று.

குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடப் போனேன்.