கட்சி மாறிய தாயும் மகளும்

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் ஆக்ஸ்ஃபோர்டும் எடின்பரோவும் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன.

இரண்டும் இயற்பியலுக்கு இடம் தந்திருந்தன. எங்கே போனாலும் உதவித்தொகை உண்டு என்று ஆகிவிட்டது. இன்று மாலைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அழுத்தியாக வேண்டும், அவ்வளவுதான்.

லிஃப்ட் மெக்கானிக் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் மகள்.

இந்தச் சண்டை வீட்டுக்குப் புதிதல்ல. மனைவி பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். அவரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். டீச்சருக்கு ஆக்ஸ்ஃபோர்டு என்றால் உயிர். மகளுக்கோ எடின்பரோ. பக்கத்திலேயே கடல், ஊருக்குள்ளேயே மலை, நான்கு வருஷம் நின்று நிதானமாகப் படிக்கலாம். அந்த ஊர்ப் படத்தை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தாள். வெளிப்பக்கம் ஒட்ட அம்மா விடவில்லை.

ஆனால் இன்று இருவரும் கட்சி மாறியிருந்தார்கள்.

"எடின்பரோவே போடும்மா. நீ ஆசப்பட்ட எடம்" என்றாள் டீச்சர்.

"வேணாம்மா. ஆக்ஸ்ஃபோர்டுதான். நீ சொன்னதுதான் சரி" என்றாள் மகள்.

வெளியாள் யாராவது கேட்டிருந்தால், என்ன ஒரு விட்டுக்கொடுக்கும் குடும்பம் என்று மெச்சியிருப்பார்கள். ஆனால் இரண்டு குரலிலும் விட்டுக்கொடுப்பதன் சாயல்கூட இல்லை.

"ரெண்டே ரெண்டு பேர உக்காரவெச்சு ஒரு புரொஃபசர் பாடம் எடுப்பாருன்னு நீதானம்மா சொன்ன?"

"நான் என்னத்தக் கண்டேன். போயா பாத்துட்டு வந்தேன்?"

மெக்கானிக்குக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. டீச்சரின் நெற்றி வியர்த்திருப்பதைப் பார்த்ததும் அது போய்விட்டது. அவள் ஒரு கையால் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தாள். பரீட்சை சமயத்திலிருந்தே அவள் பள்ளிக்கு லீவு. வயிற்றுப்புண் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லியிருந்தார்கள். மகளிடமும் அதையேதான்.

"நீங்க வாயத் தொறந்து சொல்லுங்களேன்" என்று டீச்சர் அவர் பக்கம் திரும்பினாள்.

"அம்மா சொல்றபடி செய்யேம்மா" என்றார். அந்தக் குரலை அவரே நம்பவில்லை.

மகள் அழுத்திவிட்டாள்.

ஆக்ஸ்ஃபோர்டு.

டீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியைப் பிடித்து எழுந்து, அறைக்குள் போய், சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபத்தில் கதவை அறைந்து சாத்தும் பழக்கம் அவளுக்கு எப்போதுமே இல்லை.

மெக்கானிக்குக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏம்மா இப்படிப் பண்ணே? உனக்கு அந்த எடம் புடிக்கவே புடிக்காதே."

மகள் மடிக்கணினியை மூடினாள்.

"எடின்பரோ செப்டம்பர்லயே ஆரம்பிச்சுடுதுப்பா. ஆக்ஸ்ஃபோர்டு அக்டோபர்லதான்."

அவர் புரியாதவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார். வேறு எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அம்மாவோட மாத்திர அட்டையில பேர் போட்டிருக்குப்பா. எனக்குப் படிக்கத் தெரியாதா?" என்றாள் மெதுவாக.

டீச்சர் செப்டம்பர் வரைக்கும் எழுந்து நடமாடுவார், அதற்கப்புறம் எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில் வைத்து டீச்சர் கணவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் காலூன்றி நிற்கும்போதே அவளை வழியனுப்பிவிட வேண்டும். படுக்கையில் கிடக்கிற கோலத்தை என் பிள்ளை பார்க்கக் கூடாது. அதற்காகத்தான், வாழ்நாளெல்லாம் ஜபித்த ஆக்ஸ்ஃபோர்டை ஒரே நாளில் வேண்டாம் என்றாள்.

எந்த நாட்களை அவள் மறைக்கப் பார்த்தாளோ அந்த நாட்களுக்காகவே மகள் தங்கிவிட்டாள்.

அவர் மூடிய கதவைப் பார்த்தார். அது மெல்லிய பலகைக் கதவு. இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும்.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து டீச்சரின் குரல் வந்தது. வகுப்பில் பேசுகிற அதே குரல்.

"அக்டோபர்ல அங்க குளிர் ஆரம்பிச்சுடும். நல்ல ஸ்வெட்டரா பாத்து வாங்கணும்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் செப்டம்பரைத் தாண்டி அவள் எதைப் பற்றியும் பேசி அவர் கேட்டதில்லை.

மகள் எழுந்து போய்க் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"நாம ரெண்டு பேருமா போய் வாங்கலாம்மா" என்றாள்.