மலிவான தங்கூஸ்

“இருக்கிறதிலேயே மலிவான தூண்டில் கம்பும் தங்கூஸ் நரம்பும் குடுங்க, வாஜித் பாய். எங்க வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள்,” என்றாள் பூர்ணா.

பபேடான் கடைத்தெருவில் மீன்பிடி சாமான் விற்கும் வாஜித் முகம் சுளித்தார். “ஏம்மா பூர்ணா, இந்த நரம்பு அரை வீசை மீனுக்கே அறுந்துடும். ஞாயித்துக்கிழமை தவறாம த்வாண்டே கால்வாய்க்குப் போறவருக்கு இதையா குடுப்பீங்க?”

“இதுதான் வேணும்.”

‘கஞ்சப் பிசினாறி’ என்று நினைத்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் அவள் வந்து நின்றாள்.

“அறுந்துடுச்சா? நான்தான் சொன்னேனே!”

“அறுந்துபோகவே இல்ல, பாய். அதே நரம்புல ஒன்றரை வீசை உல்லம் மீன் பிடிச்சாராம். இழுத்து இழுத்துக் கை வலிக்குதுன்னு என்னைத் தைலம் வேற தேய்க்கச் சொன்னார்.”

வாஜித் சிரித்துவிட்டார். “உல்லம் தூண்டில்ல கடிக்காதும்மா. அது வலையிலதான் விழும்.”

பூர்ணா சிரிக்கவில்லை.

“அப்ப ஒரு வலை குடுங்க. விலை எவ்வளவானாலும் சரி, அறுந்துடக்கூடாது. வர்ற ஞாயித்துக்கிழமை நானும் த்வாண்டே போறேன்.”

“எவ்வளவு கனம் தாங்கணும்?”

“ரெண்டு ஆள் கனம். அவ கொஞ்சம் பருமன்னு கேள்வி.”