விதை கொடுத்தவர்

"விதை மல்லாட்டைய அனுப்புனது யாருன்னு தெரிஞ்சுதாடா?" என்று கேட்டார் அமீர் ஜான்.

"வேற யாரு, மண்டிக்காரர்தான். அவர் இல்லன்னா இந்த வருஷம் நெலம் தரிசாத்தான் கெடந்திருக்கும்" என்றார் வீராசாமி.

எண்பத்து மூன்றில் மழை பொய்த்து, விதைக்க வழியில்லாமல் நின்ற வீராசாமியின் வாசலில் பேர் சொல்லாமல் வந்து இறங்கிய வேர்க்கடலை மூட்டைகள் அவை. செஞ்சிக் கடைத்தெருவில் பார்த்தவரிடமெல்லாம் வீராசாமி மண்டிக்காரர் புகழையே பாடினார். சின்ன வயதிலிருந்து கூட்டாளியான அமீர் ஜானுக்கு அது பொறுக்கவில்லை. அந்த வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார். வீராசாமி காய்ச்சலில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டும் போகவில்லை.

சாவுக்குத்தான் போனார்.

வீராசாமியின் மனைவி சுந்தராம்பாள் அவரைப் பார்த்ததும் உடைந்து அழுதாள். "கடைசி வரைக்கும் உங்களத்தான் கேட்டுக்கினே இருந்தாருண்ணா. விதை குடுத்தது நீங்கதான்னு மூட்டைய எறக்குன வண்டிக்காரன் அன்னிக்கே சொல்லிட்டான்."

அமீர் ஜான் கேட்டார், "அப்புறம் ஏம்மா வீராசாமி மண்டிக்காரர் பேரச் சொன்னான்?"

"'தெரியக் கூடாதுன்னு நெனச்சுக் குடுத்திருக்கான். தெரிஞ்சதா காட்டிக்கினா, கூச்சப்பட்டு நம்ம வீட்டுப் பக்கமே வரமாட்டான்'னு சொன்னாருண்ணா."