பதினேழாம் குழி

பெட்டியில் ஒரு குழிகூடக் காலியாக இல்லை. இருபத்திரண்டு கருவிகளும், அதனதன் வடிவில் வெட்டிய பஞ்சுக்குள் ஒழுங்காகப் படுத்திருந்தன. செஃபெரினோ மூடியைச் சாத்தி, ஈரமான உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"என்ன டான் செஃபே, எல்லாம் இருக்கா? இல்ல போன மாசம் மாதிரி ஸ்பேனரைத் தமாலேயோட சேத்துக் கட்டி வச்சிருக்கீங்களா?" பக்கத்து விமானத்தின் சக்கரத்தடியிலிருந்து லூப்பே கேட்டாள்.

"உன் வேலையப் பாரு, தாயே."

போன மாதம் ஸ்பேனரைக் காணோம் என்று அவரேதான் போய்ச் சொன்னார். ஒரு கருவி குறைந்தால் ஒரு விமானமும் பறக்கக் கூடாது. கடற்படைப் பயிற்சித் தளத்தின் விதி அது. பதினோரு ஜெட்டுகள் பகல் முழுக்க நின்றன. கடைசியில் அது அவருடைய சாப்பாட்டுப் பையிலேயே கிடந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை போய்விடும் என்று கடிதம் வந்தது. பத்தொன்பது வருட வேலை.

இன்று காலை 204-ஆம் எண் விமானத்தின் பின்இருக்கைக்கு அடியில் ஒரு தகட்டைக் கழற்றி மாட்டியிருந்தார். கருவிகளை எண்ணிய பிறகுதான் கையெழுத்துப் போடவேண்டும். ஆனால் மாரென் அதற்குள் ஏணியில் காலை வைத்துவிட்டாள். முதல்முறையாகத் தனியாகப் பறந்துபோய், வளைகுடாவில் இருக்கும் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கப்போகிற பயிற்சி விமானி.

"சீக்கிரம் போடுங்க மிஸ்டர் செஃபே. கப்பல் எனக்காக நிக்காது!"

ஆய்வாளர் ஹோலிஸும் பெட்டியருகே நின்று அவளுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். செஃபெரினோ கையெழுத்துப் போட்டார்.

விமானம் மேகத்துக்குள் மறைந்த பிறகுதான் எண்ணினார். பதினேழாம் குழி காலி. குட்டை ஸ்க்ரூடிரைவர்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், வானொலியில் அவளைத் திருப்பி அழைத்துவிடுவார்கள். தொலைபேசிவரை போனார். ரிசீவரை எடுத்தார், வைத்தார். பிறகு வெளியே நின்ற தன் வண்டிக்குப் போய், சொந்த ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, மற்றக் கருவிகளில் உள்ளதுபோல் பிடியில் ஆணியால் 17 என்று கீறி, குழியை நிரப்பினார்.

பதினொரு மணிக்கு ஹோலிஸ் வந்தார். ஓடுதளத்துக்கு வருபவர்கள் பைகளைக் காலிசெய்துவிட்டுத்தான் வரவேண்டும். அவருடைய கால்சட்டையின் தொடைப் பை மட்டும் புடைத்திருந்தது. ஆய்வாளரை யார் கேட்பது?

"எல்லாம் சரியா, செஃபே?"

"சரி சார்."

"என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல சார்."

"மாரென் இந்நேரம் கப்பலைச் சுத்திக்கிட்டிருப்பா," என்றார் ஹோலிஸ். பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

விமானத்தின் வால்கொக்கி கப்பலின் இரும்புக் கயிற்றைப் பிடிக்கும். அந்த உலுக்கலில் இருக்கைக்கு அடியில் கிடப்பது உருண்டு வரும். விமானத்தைத் திருப்பும் தண்டின் அடியில் போய்ச் செருகி, அதை அசையவிடாமல் செய்துவிடும். செஃபெரினோவின் மனதில் ஓடியது அதுதான். மதியச் சாப்பாட்டுக்கு லூப்பே கொடுத்த டாக்கோ மடித்தபடியே ஆறிப்போனது.

இரண்டு நாற்பதுக்குத் தெற்கே ஒரு புள்ளி தெரிந்தது. 204. சக்கரங்கள் தரையைத் தொட்டபோது அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"நாலு தடவை இறங்கினேன்! உங்க விமானம் தங்கம், மிஸ்டர் செஃபே!" மாரென் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு ஓடினாள்.

அவர் விளக்கோடு ஏறி, தகட்டைக் கழற்றி, இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. மறுபடி துழாவினார்.

"என்ன தேடுற?" ஏணியடியில் ஹோலிஸ் நின்றிருந்தார்.

"சும்மா... பாத்தேன் சார்."

"இறங்கி வா. பெட்டியைத் திற."

திறந்தார். ஹோலிஸ் விரல்வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். இருபத்திரண்டு. விரல் மறுபடி பின்னால் நகர்ந்து, பதினேழின்மேல் நின்றது.

மறு கையால் தொடைப் பையைத் திறந்து, தேய்ந்த பிடியில் 17 என்று பொறித்த குட்டை ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்துப் பெட்டிமேல் வைத்தார்.

"அப்போ காலையில நான் எடுத்தது எது, செஃபே?"