வேலிக்கு மேலால் வந்த சாக்கு

விடியும்போதே இன்னொரு சாக்கு வேலிக்கு மேலால் வந்து விழுந்தது. அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது.

சுதாஜினி சாக்கை அவிழ்த்தாள். அழுகின தக்காளி, பூசணி, வாழைப்பழத் தோல்.

"யோகநாதன் அண்ணையின்ர இருமல்தான். இண்டைக்கு விடமாட்டன்."

"விடப்பா, புழுவுக்குத் தீன்தானே," என்றான் கணவன் நிஷாந்தன்.

"எங்கட வளவென்ன குப்பைமேடோ?"

பக்கத்து வளவு யோகநாதன் போன மாதம் ஊர் கேட்கக் கத்தியிருந்தார். "புழு வளர்க்கிறதும் ஒரு தொழிலோ? என்ர வீடெல்லாம் ஈ வரப்போகுது!"

அது வீட்டுக்குள் வராத ஒருவகைக் கறுப்பு ஈயின் புழு என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் கதையில்லை.

சுதாஜினி ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெசின் திருத்தினவள். வேலை போனபிறகு, பின் கொட்டிலில் தானே ஒரு மெசினைக் கட்டினாள். லொறி வைப்பர் மோட்டர், ஒரு டைமர். கழிவை அரைத்து நேரத்துக்கு நேரம் தட்டில் கொட்டும். புழுக்கள் தின்று பசளையாக்கும். முற்றிய புழுக்கள் தாமே சரிவில் ஏறி வாளிக்குள் விழும். அவை கோழித்தீனுக்கு.

மெசின் நன்றாக ஓடியது. கழிவுதான் போதவில்லை. ஒரு குசினிக் கழிவு எந்த மூலைக்கு? புழுக்கள் சாகத் தொடங்கியிருந்தன. அதனால் அவர் எறிந்த சாக்குகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு மெசினுக்குள் கொட்டினாள். பட்டினி கிடக்கிற புழுவுக்கு ரோசம் தெரியுமா?

ஆனால் அவளுக்குத் தெரியும்.

"பொலிசில முறைப்பாடு குடுத்திட்டு வாறன்." சைக்கிளை எடுத்தாள்.

மாங்குளம் சந்தையடியில் யோகநாதனின் சைக்கிள் நின்றது. கரியரில் அதே மாதிரிச் சாக்கு. அவர் மரக்கறி வியாபாரி சிறாஜோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்து நின்றவளைக் காணவில்லை.

சனத்துக்கு முன்னால் நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தாள்.

"பொலித்தீனைப் பொறுக்கிப்போட்டுத் தாரும் தம்பி. எத்தினை தரம் சொல்றது? அந்தப் பிள்ளையின்ர மெசின் இறுகிப்போம்," என்றார் யோகநாதன்.

சிறாஜ் சிரித்தான். "அவவோட கோவமெண்டு சொன்னீங்கள், அண்ணை?"

"கோவந்தான். அதாலதான் வேலிக்கு மேலால எறியிறன். இல்லாட்டிப் படலையைத் திறந்து கையில குடுத்திருப்பன்."